இரண்டு முறை சொன்ன வரி

எங்கள் சபையில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை உபதேசியார் வரி வரியாகச் சொல்ல, நாங்கள் எல்லோரும் பின்னால் சொல்வோம். மற்ற வரிகளையெல்லாம் அவர் ஒரு முறைதான் சொல்வார். பிறர் நமக்குச் செய்ததை நாம் மன்னிப்பதுபோல நம்மையும் மன்னிக்கும்படி கேட்கிற வரியை மட்டும் இரண்டு முறை சொல்வார். பழவேற்காட்டுக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் கோவிலில் அப்படி ஒரு வழக்கம் இருக்கும் போல என்று சிலர் நினைத்தார்கள். உபதேசியாருக்கு மறதி என்று சிலர் சிரித்தார்கள். சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒரு கலியாணத்துக்கு வந்தவர்கள், இதுதான் சரியான முறையாக்கும் என்று தங்கள் ஊருக்குப் போய் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டதாகவும் கேள்வி. இவ்வளவுக்கும் காரணம் நான். அது எனக்கும் உபதேசியாருக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். சிறு வயதில் நான் வேலை செய்த ஒல்லாந்துத் துரை வீட்டில் எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு பிரயோசனம் இருக்கட்டும் என்று இதை எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்தது பசியாவரத்தில், ஏரிக்கு நடுவே இருக்கிற தீவில். ஓடமும் வலையும் வைத்திருப்பவர்கள் வேறு ஆட்கள். எங்களுக்குக் கைதான் வலை. முழங்கால் தண்ணீரில் இறங்கி நடப்போம். நடக்க நடக்கச் சேற்றில் கால் குழி விழும். கொஞ்ச தூரம் போய்விட்டு அதே வழியில் திரும்பி வந்தால், அந்தக் குழிகளில் இறால் வந்து ஒண்டியிருக்கும். குனிந்து இரண்டு கையாலும் அமுக்கி எடுத்து, ஓலையில் முடைந்த பறியில் போட வேண்டும். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். பறி மார்புக்கு நேரே தொங்கும். அதனால் இந்த வேலையில் இறங்கியவர்கள் யாரும் பேச மாட்டார்கள். வாயைத் திறந்தால் பறி போச்சு, பறியோடு அன்றைய சோறும் போச்சு.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். என் நைனா இறால் பிடிக்கப் போகும்போது என்னைத் தோளில் தூக்கி உட்காரவைத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டேன். "நீ குந்தினாத்தான் பாரம். பாரம் இருந்தாத்தான் கால் நல்லா பதியும். ஆழமா பதிஞ்சாத்தான் எறா வரும்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் வீட்டில் சோறு வேகிறதே என்னால்தான் என்று தீவிலிருந்த பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதிகம் சாப்பிட்டால் அதிக இறால் வரும் என்று அம்மாவிடம் இன்னொரு கை சோறு கேட்டு வாங்கியதும் உண்டு. தோளில் ஏறி உட்கார்ந்ததும் பேச ஆரம்பிப்பேன். நாரை ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரிக்கும் அவள் நாத்தனாருக்கும் என்ன சண்டை, எல்லாம் சொல்வேன். நைனா வாயில் கயிறு. பதில் சொல்ல முடியாது. சிரிப்பு வந்தால் மட்டும் அவர் தோள் குலுங்கும். அது குலுங்க வேண்டும் என்பதற்காகவே இல்லாததையும் சேர்த்துச் சொல்வேன்.

பிறகு பஞ்சம் வந்தது. மழை பொய்த்தது, முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டது, ஏரித் தண்ணீர் உப்பேறிக் கசந்தது. மீன் செத்து மிதந்தது. அதைத் தின்றவர்களும் செத்தார்கள். அம்மா எழுந்து நடக்க முடியாமல் பாயில் கிடந்தாள். ஒருநாள் காலை நைனா யாருடைய ஓடத்திலோ என்னை ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்கு வந்தார். ஓடத்திலிருந்து கரைக்குத் தோளில்தான் தூக்கி வந்தார். கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஒல்லாந்துத் துரையின் வீட்டுப் பின்வாசலில் இறக்கிவிட்டார். "இங்கியே குந்து கண்ணு" என்றார். உள்ளேயிருந்து ஒரு மூட்டை நெல்லைக் கொண்டுவந்து போட்டார்கள். அதைத் தூக்கி, நான் உட்காருகிற அதே தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். மூட்டையை ஓடத்தில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட வருவார் என்று உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் துரைசானியே வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அப்போதுகூட, நைனா வந்தால் தேடுவாரே என்றுதான் அழுதேன்.

விற்றுவிட்டார் என்பது எனக்குப் புரிய நாளாயிற்று. புரிந்த பிறகு ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத் தூக்கியது பாரத்துக்காக. ஏரியில் இறால் இல்லை, இனிப் பாரம் வேண்டாம். அதனால் இறக்கி வைத்துவிட்டு வேறு பாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பசியைவிட, பிரிவைவிட, அடிமை என்கிற பெயரைவிட, இந்தக் கணக்குத்தான் என்னை அறுத்தது. பஞ்சத்தில் பிள்ளையை விற்றவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரைக் கப்பலில் ஏற்றிக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பினார்கள். என்னை அனுப்பவில்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்ல வரவில்லை.

அந்த வீட்டுச் சமையலறையில் அடுப்புக்கு மேலே வழவழப்பான வெள்ளை ஓடுகள் பதித்திருந்தார்கள். அவர்கள் தேசத்திலிருந்து கப்பலில் வந்தவை. ஒவ்வொன்றிலும் நீல நிறத்தில் ஒரு படம். கரி படியப் படியத் துடைப்பது என் வேலை. ஓர் ஓட்டில் ஒரு மனிதர் தோளில் ஆட்டைச் சுமந்துகொண்டு நடந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இறால் பிடிக்கிறவர். தோளில் வைக்கப் பிள்ளை இல்லை, பாவம், பாரத்துக்கு ஆட்டைத் தூக்கியிருக்கிறார். பறியைத்தான் காணோம், படம் எழுதினவன் மறந்துவிட்டான் போலிருக்கிறது. இறால் தீர்ந்ததும் உன்னையும் இறக்கிவிட்டுப் போய்விடுவார், அதிகம் ஆடாதே என்று அந்த ஆட்டிடம் தினமும் சொல்லிக்கொண்டே துடைப்பேன்.

வீட்டு வேலைக்காரர்களுக்கு ஞானப்பாடம் சொல்லிக்கொடுக்க உபதேசியார் வருவார். அப்போது இளம் வயது, குரல் மட்டும் கிழக்குரல். ஒருநாள் அந்த ஓட்டைக் காட்டி, இவர் யார் தெரியுமா என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். கூட இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இறால் எப்படிப் பிடிப்பது, கயிற்றை எப்படிக் கடிப்பது, எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, இவர் மேய்ப்பர், ஆடு காணாமல் போய்விட்டது, மற்றவற்றை விட்டுவிட்டு இதைத் தேடிப் போய்க் கண்டுபிடித்துத் தூக்கி வருகிறார் என்றார்.

"பாரத்துக்கு இல்லியா?" என்றேன்.

"இல்லம்மா. பாரந்தான், ஆனா பாரத்துக்காக இல்ல."

"ஆடு தானா காணாமப் போச்சா, இவுரு வுட்டுட்டுப் போனாரா?"

அவர் தெரிந்த பதிலை எடுத்து என் தலையில் கட்டாமல் அன்று பேசாமலே எழுந்து போனார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் வந்தவர், ஆடு எப்படிக் காணாமல் போனாலும் தேடி வருகிறவர் ஒருவர் உண்டு என்பதுதான் தனக்குத் தெரியும், மற்றது தெரியாது என்றார். தெரியாது என்று சொன்ன முதல் பெரிய மனிதர் அவர்.

நான் கிறிஸ்துவளானது அந்த ஓட்டின் வழியாகத்தான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தோளில் இருக்கிற ஆட்டின் முகத்தைத் துடைக்கத் துடைக்க, அது பயப்படவில்லை என்பதைக் கவனித்தேன். காது இரண்டும் தொங்க, தூங்கப்போகிற மாதிரி இருந்தது. எனக்கும் அப்படி இருக்க ஆசையாக இருந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்த அன்று, யாரும் வாங்கவும் விற்கவும் முடியாத ஓர் இடம் எனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்து நினைத்து அழுதேன். சந்தோஷத்தில்தான். அந்த இடம் இன்றுவரை எனக்கு இருக்கிறது. ஆனாலும் ஜெபத்தில் அந்த ஒரு வரி வரும்போது வாய் தானாக மூடிக்கொள்ளும். மற்றதெல்லாம் கணீரென்று சொல்வேன். அந்த வரியில் மட்டும், பல்லில் கயிறு இருப்பதுபோல உதடு இறுகிவிடும்.

துரை ஊரைவிட்டுப் போனபோது, துரைசானி சபை முன்னால் நிறுத்தி என்னை விடுதலை செய்தாள். எனக்குப் புருஷன் தேடியதும் உபதேசியார்தான். கரையிலிருந்து கப்பலுக்குத் துணிப்பொதி ஏற்றிப் போகிற படகில் துடுப்பு வலிப்பவர் என் வீட்டுக்காரர். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார், அந்த ஒன்று போதும் என்னை வாயடைக்க. ஏரிக்கரையில் குடிசை போட்டோம். விடிந்ததும் பறியைக் கடித்துக்கொண்டு நான் ஏரியில் இறங்குவேன். எவ்வளவோ மறந்திருந்தேன், அந்த வேலை மட்டும் மறக்கவில்லை.

நற்கருணைப் பந்திக்கு முந்திய வாரம் எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஒல்லாந்தர் கொண்டுவந்தது. உபதேசியாரும் சபை மூப்பர் ஒருவரும் வீடு வீடாக வந்து, யார்மீதாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்றால் போய்ச் சமாதானமாகிவிட்டு வர வேண்டும், இல்லையானால் பந்திக்கு வரக்கூடாது. ஊரில் பாதிப் பேர் மூப்பர் வருகிற சத்தம் கேட்டதும்தான் சமாதானமாவார்கள். ஒருத்தி சண்டைக்காரி வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பிவிட்டு, பந்தி முடிந்ததும் சட்டியைத் திருப்பிக் கேட்டு மறுபடி சண்டை போட்டாள். என் வீட்டு வாசலில் கேட்டபோது, "இருக்குது" என்றேன். யார்மேல் என்றார் மூப்பர். பெற்றவர்மேல் என்றேன். "அடிக்கிற கைதானேம்மா அணைக்கும்" என்று ஆரம்பித்தார் அவர். "எங்க ஊட்ல அணைச்ச கைதான் வித்துச்சி" என்றேன். அதோடு அவர் படியிறங்கிவிட்டார். உபதேசியார் மட்டும் நின்றார்.

"அந்த வரி வர்றப்ப நீ வாயை மூடிக்கிறத நான் பாத்துனுதாம்மா இருக்கறேன்" என்றார்.

"பொய் சொல்ல வரல."

"தெரியும். பொய் சொல்லாம வாயை மூடிக்கிறதும் ஒரு ஜெபந்தான். உன்னால சொல்ல முடியற வரைக்கும் உன் பங்கையும் சேத்து நான் சொல்லிடறேன். ஆண்டவர் கேட்டா, அவளுது என்கிட்ட இருக்குதுன்னு சொல்லிக்கிறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை இரண்டு முறை சொன்னார். அன்றிலிருந்து வருஷக்கணக்காக விடவே இல்லை. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்த அன்றுகூட அந்த வரியை இரண்டாவது முறையும் சொல்லிவிட்டுத்தான் இருமினார். பந்திக்கு நான் போகவில்லை. மற்றவர்கள் அப்பமும் திராட்சரசமும் வாங்க எழுந்து போகும்போது கடைசிப் பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பேன். என்னை இறக்கிவிட்ட பின்வாசல்தான் ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் முதுகில் ஒரு கிழவரைச் சுமந்துகொண்டு வந்தார். பசியாவரத்துப் பக்கம் படகு ஒதுங்கியபோது பார்த்தாராம். தனியாள், கால் விளங்கவில்லை, அக்கம்பக்கத்தார் ஊற்றுகிற கஞ்சியில் உயிர் நிற்கிறது. விசாரித்ததில் யார் என்று தெரிந்ததாம்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?" என்றேன்.

"கேக்கல. கேட்டா வாணாம்னு சொல்லுவே. கேட்டுட்டு உன் பேச்ச மீற முடியுமா? அதான் கேக்காமயே கொண்டாந்துட்டேன்."

எலும்பும் தோலுமாக அவர் திண்டாடித் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் அவரை நைனா என்று கூப்பிடவில்லை. "பெரியவரே, இப்படிப் படுங்க" என்று பாயைக் காட்டினேன். வழிப்போக்கர்களைத்தான் எங்கள் வீட்டில் அப்படிக் கூப்பிடுவது. அம்மா என்ன ஆனாள் என்று மட்டும் கேட்டேன். நெல் மூட்டையில் பாதிகூடக் குத்தவில்லை, அதற்குள் போய்விட்டாள் என்றார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

சோற்றில் நான் குறை வைக்கவில்லை. குளிப்பாட்டினேன், நகம் வெட்டினேன், இறாலை உரித்து நசுக்கி ஊட்டினேன். ஆனால் சட்டியை வைக்கிற சத்தம் தெருக்கோடிக்குக் கேட்கும். அவர் இருமினால் குற்றம், இருமாவிட்டால் ஏன் பேச்சுமூச்சில்லை என்று குற்றம். வேண்டாப் பெண்டாட்டி கை பட்டால் குற்றம் கால் பட்டால் குற்றம் என்கிற கதைதான். "பாவம் அவுரு, உனக்குப் பெண்டாட்டியாப் பொறந்துட்டாரு" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே ஒரு கோபம். மன்னிச்சிடு என்று இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லையே. தினம் ஜெபத்தில் இதையே சொல்லி ஆண்டவரோடு மல்லுக்கு நிற்பேன். ஆட்டைத் தேடிப் போனவர் நீர், தொலைத்தவரை என் வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்பேன். கேட்டு முடித்ததும் எழுந்து போய் கிழவருக்குப் போர்வையை இழுத்துவிடுவேன். அது யார் செய்ய வைத்த வேலை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும்.

கிழவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஏரியில் கால் வைக்க வேண்டும் என்பார். "நிக்கவே முடியல, இன்னா ஏரி?" என்று விட்டுவிடுவேன். மறுநாளும் கேட்பார்.

பந்திக்கு முந்திய வாரம் வந்தது. உபதேசியாரும் மூப்பரும் வாசலில் நின்றார்கள். உபதேசியாருக்கு இப்போது குரலுக்கேற்ற வயது வந்திருந்தது. உள்ளே பாயில் கிழவர் படுத்திருப்பது இருவருக்கும் தெரிந்தது. யார்மீதாவது மனத்தாங்கல் உண்டா என்று மூப்பர் மெதுவாகத்தான் கேட்டார். நான் மெதுவாகச் சொல்லவில்லை.

"இருக்குது" என்றேன். உள்ளே கேட்கட்டும் என்றே சொன்னேன்.

அவர்கள் போன பிறகு பாயிலிருந்து, "அது யாரு கேட்டுனு போறது?" என்றார். சொன்னேன். மனத்தாங்கல் இருந்தால் பந்திக்கு விட மாட்டார்கள் என்றும் சொன்னேன். "எத்தினி நாளா நீ போவல?" என்று கேட்டார். இதுவரை போனதே இல்லை என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும், "இன்னிக்காவது ஏரிக்குத் தூக்கினு போ" என்றார். வழக்கமான குரலில் இல்லை. எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டேன். ஒரு கனமும் இல்லை, அதுவே எனக்கு எரிச்சலாகவும் துக்கமாகவும் இருந்தது. போகிறதுதான் போகிறோம், குழம்புக்காவது ஆகட்டும் என்று பறியையும் கடித்துக்கொண்டேன்.

நான் கனத்த உடம்புக்காரி. அவரும் சேர, கால் முழங்கால்வரை சேற்றில் போயிற்று. கிழக்கே வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கோட்டைக்கு அப்பால் கடலில் கப்பல் ஒன்று நின்றது. அவர் இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, குளிருக்கு ஒரு முறை சிலிர்த்தார். எனக்குச் சுள்ளென்று ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. பாரம் போதுமா, கால் நல்லா பதியுதா என்று கேட்க நாக்கு துடித்தது. வாயில் கயிறு. அப்போது அவர் பேச ஆரம்பித்தார்.

"தோ பாரு கண்ணு, நீ வாய் நீளக்காரி. கரையில சொன்னா என்னை முடிக்க வுட மாட்டே. இப்ப வாயில கயிறு வெச்சினிருக்கற. அதான் ஏரிக்குத் தூக்கினு போன்னு தெனம் கேட்டேன்."

நான் நடந்துகொண்டே இருந்தேன்.

"உன் கால் எவ்ளோ ஆழம் போவுது பாரு. இவ்ளோ ஆழம் போனா எறா வருமா? சேறு மூடிக்கும். நீயே தெனம் புடிக்கறவ, உனக்குத் தெரியாதா? பாரம் வோணும்னு யாராவது புள்ளையத் தூக்குவானா? உன்னைத் தூக்கினு எறங்கின அன்னிக்கெல்லாம் பறி பாதிதான். உங்கம்மா திட்டுவா, பொண்ணைத் தூக்கினு திரியப் போறியா, எறா புடிக்கப் போறியான்னு."

எனக்குக் கால் நின்றுவிட்டது. இத்தனை வருஷம் கால் குழியில் கை விட்டுத் துழாவி வயிறு வளர்த்தவள் நான். ஆழக் குழியில் இறால் நிற்காது என்பது என் கைக்குத் தெரியும். அந்தப் பாரக் கதையை மட்டும் ஒருநாளும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"கரையில வுட்டா அழுவே. கூட நடந்தா சிப்பி காலைக் கிழிக்கும். சும்மா தூக்கினா நீ இன்னா கொயந்தையான்னு ரோசப்படுவே. அதான் உன்னாலதான் எறா வருதுன்னு ஒரு பொய் சொன்னேன். நீ மேல குந்தினு பேசினே வருவே. எனக்கு அது போதும்."

அவர் என் கழுத்தை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"ஊர்ல எல்லாரும் பஞ்சம் வித்துச்சின்னு சொல்லுவாங்கோ. நானும் அப்டிச் சொல்லிக்கலாம். இல்ல கண்ணு. நாந்தான் வித்தேன். உன்கிட்ட சொல்லாம குந்துன்னு சொல்லிட்டு வந்தேன். திரும்பிப் பாத்தா மூட்டையப் போட்டுட்டு ஓடியாந்துடுவேன்னு பாக்கல. பாத்திருக்கணும். போட்டுட்டு ஓடியாந்திருக்கணும். அதுக்கப்புறம் நான் தோள்ல எதையும் வெச்சதில்ல. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாய் கெடையாது. ஆனா என்னால நீ அந்தச் சோத்துக்குப் போவாம இருக்கியேன்னு நேத்து ராத்திரியெல்லாம் மனசு கெடந்து அடிச்சிக்குது."

பந்தி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. யாரோ சோறு போடுகிறார்கள், தன்னால் மகள் மறுபடியும் சோறில்லாமல் வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டிருக்கிறார். அதை நினைத்தபோது எனக்குள் இறுகிக் கிடந்தது என்னவோ அப்படியே விட்டுப்போயிற்று.

"நைனா" என்றேன்.

வாயைத் திறந்ததும் பறி தண்ணீரில் விழுந்தது. வெறும் பறி, மிதந்துகொண்டே தள்ளிப் போயிற்று. "ஐயோ பறி, பறியப் புடி" என்று அவர் கத்தினார். நான் பிடிக்கவில்லை. நைனா, நைனா என்று சொல்லிக்கொண்டே நின்றேன், வேறு எந்தச் சொல்லும் என்னிடம் இல்லை. என் முதுகோடு ஒட்டியிருந்த அவர் மார்பு குலுங்கியது. இந்த முறை சிரிப்பில்லை. பிறகு நான் அழுதுகொண்டே நாரை ஒற்றைக்காலில் நிற்பதைப் பற்றி ஏதோ உளறினேன், அப்போது கொஞ்சம் சிரிப்பும் கலந்து குலுங்கியது.

அவர் செய்தது சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். விற்றது விற்றதுதான். பின்வாசலில் உட்கார்ந்திருந்த அந்தச் சிறுமி இன்னும் எனக்குள் எங்கேயோ உட்கார்ந்துதான் இருக்கிறாள். ஆனால் அவளைத் தேடி வந்தவர்களை எண்ணிப் பார்க்கிறேன். தெரியாது என்று சொன்ன ஓர் உபதேசியார், என்னைக் கேட்காமல் கிழவரைச் சுமந்து வந்த புருஷன், கடைசியில் அந்தக் கிழவர். இவர்களையெல்லாம் யார் அனுப்பினார் என்று எனக்குச் சந்தேகமில்லை. ஓட்டில் இருந்தவரைத்தான் சொல்கிறேன்.

கரையில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். இருவரும் நனைந்து, கண் வீங்கி, வெறுங்கையோடு வருவதைப் பார்த்தார். "இன்னா, பறியும் காணோம் எறாவும் காணோம்?" என்றார். "பாரம் ஜாஸ்தி" என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் நைனாவை என் முதுகிலிருந்து இறக்கித் தன் முதுகில் ஏற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நைனாவையும் தூக்கிக்கொண்டு போய், சபை வாசலில் வேப்பமர நிழலில் உட்காரவைத்தோம். உள்ளே வரவில்லை என்றார், வற்புறுத்தவில்லை. உபதேசியார் ஜெபத்தை ஆரம்பித்தார். நாங்கள் பின்னால் சொல்லிக்கொண்டு வந்தோம். அந்த வரி வந்தது. அவர் சொன்னார். கடைசிப் பாயிலிருந்து நான் சொன்னேன். குரல் உடைந்து, ஆண்பிள்ளைக் குரல்போலக் கரகரத்து வந்தது, முன்பாயில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். நான் நிறுத்தாமல் முழுக்கச் சொல்லி முடித்தேன்.

வழக்கப்படி எல்லோரும் இரண்டாவது முறைக்குக் காத்திருந்தார்கள். உபதேசியாரும் மூச்சை இழுத்து வாயைத் திறந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.